நாலாம் மூலையின் மண்

அன்று நான் அக்காவிடம் சொல்லாதது ஒரே ஒரு வசனம்: "இந்த மூலைக்குள் இனி வெறுங்காலோடு இறங்காதீர்கள்."

2023 நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தோர் நினைவு நாள். அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து அக்காவின் மாம்புரித் தோட்டத்தில் இருவரும் நின்றோம். அக்கா செருப்பைப் பாத்தி விளிம்பில் கழற்றிவைத்துவிட்டு, கணுக்கால்வரை மழைத்தண்ணீர் தேங்கியிருந்த மூலைக்குள் இறங்கினார். "இஞ்ச பார், உன்ர கிருமியள் குடியிருக்கிற வீடு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இருட்டிக்கொண்டு வருகிறது என்றேன். மிளகாய் நன்றாகக் காய்த்திருக்கிறது என்றேன்.

கடிதங்களைத் திகதி வரிசையில் வைக்கிறேன். என்னுடையவற்றின் பிரதி ஆய்வுக் குறிப்பேட்டில் இருக்கிறது. மண் மாதிரியோடு போய்வருகிற எந்தத் தாளுக்கும் பிரதி வைப்பது எங்கள் ஆய்வுகூடத்தின் பழக்கம்.

*

கண்டி
03.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இங்கே பின்னேரமானால் மழை, தலைமயிர் காய்வதில்லை. அதைவிட வேறு குறை இல்லை. நீங்களும் நிக்கொலஸ் அத்தானும் பிரசாந்திக் குட்டியும் எப்படி?

எனக்கு மண் வேண்டும். சிரிக்காமல் வாசியுங்கள். நீங்கள் தோட்டத்துக்குப் போடுகிற பசளையிலுள்ள பொஸ்பேற் முழுவதும் செடிக்குப் போய்ச் சேர்வதில்லை. எங்கள் மணலில் சிப்பிச் சுண்ணாம்பு அதிகம். பொஸ்பேற் அதோடு சேர்ந்து இறுகிவிடும். வேர் பக்கத்திலேயே பசியோடு நிற்கும், எடுக்கத் தெரியாது. மண்ணிலுள்ள சில பற்றீரியாக்கள் ஒருவித அமிலத்தைக் கசியவிட்டு அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். செடிக்கு உபகாரம் செய்யும் எண்ணம் அவற்றுக்கு இல்லை, தங்கள் பாட்டுக்கு வாழ்கின்றன. செடி பிழைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவை உங்கள் தோட்டத்தில் இருக்கின்றனவா என்று தேடுவதுதான் என் ஆய்வு.

இரண்டு கிழமைக்கு ஒருதரம், நாலு மூலையிலும் வேரடி மண் ஒவ்வொரு கரண்டி எடுத்து, நான் அனுப்பும் டியூப்களில் போட்டு மூடுங்கள். கரண்டியை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். வேறு இடத்து மண் ஒரு துளியும் கலக்கக்கூடாது. பெட்டியைத் திறக்கும்போது கை சுத்தமாக இருக்கவேண்டும். தடிமன், காய்ச்சல் இருந்தால் திறக்கவே வேண்டாம், டியூப் பழுதாகிவிடும். கடிதத்தையும் உள்ளேயே வைக்கிறேன். பெட்டி கண்டி பஸ் கொண்டக்டர் முபாரிஸ் நானாவிடம் வரும், அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மதுசா

*

மாம்புரி
17.09.2023

என்ர தங்கச்சிக்கு,

நாங்கள் மூண்டு பேரும் சுகம். நீ ஈரத்தலையோட கொண்டை போடாதை.

சனம் பிள்ளையளுக்குக் கருவாடு அனுப்பும், நான் மண் அனுப்புறன். முபாரிஸ் நானா பெட்டியைத் தூக்கிப் பார்த்திட்டு, "என்ன தங்கச்சி, இறாலா?" எண்டார். மண் எண்டன். "கண்டில மண்ணும் முடிஞ்சி போச்சா?" எண்டார். பஸ்ஸில இருந்த ஆக்களெல்லாம் சிரிச்சினம். எனக்கு வெக்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது. என்ர தங்கச்சி படிக்கிறதுக்கு எங்கட மண் தேவைப்படுகுது எண்டு சொன்னன். நானா உடனே பெட்டியைத் தன்ர சீற்றுக்குக் கீழ வச்சிட்டார்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தன். கரண்டி சுட்டன். செருப்பிலை றோட்டு மண் ஒட்டியிருக்கும் எண்டு அதையும் கழட்டிப்போட்டுத்தான் பாத்திக்குள்ள இறங்கினன். அத்தான் பார்த்திட்டு, "கோயிலுக்குப் போறவ மாதிரிப் போறா" எண்டு பகிடி பண்ணுறார்.

பம்புக் கொட்டிலுக்குப் பின்னால பள்ளமாயிருக்கிற மூலை தெரியுந்தானே, மழை பெஞ்சா தண்ணி நிக்கிற இடம். அங்கத்தைய மிளகாய்தான் மற்றதைவிடக் கறுப்புப் பச்சை. நாலாம் நம்பர் டியூப் அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

அனஸ்தாசியா அக்கா

*

கண்டி
08.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை, சந்தோசத்தில்.

எங்கள் தட்டுகளில் ஊற்றுகிற பசை சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்போல வெள்ளையாக இருக்கும். அதில் மண்ணைக் கரைத்துத் தடவிவிட்டுக் காத்திருப்போம். பொஸ்பேற்றைக் கரைக்கிற பற்றீரியா முளைத்தால், அதைச் சுற்றி வெள்ளை கரைந்து கண்ணாடிபோல ஒரு வட்டம் தெளியும். உங்கள் முதல் மூன்று மூலைகளிலும் வட்டம் இருக்கிறது, ஆனால் நகக்கண் அளவுதான். நாலாம் மூலையிலிருந்து வந்த ஒன்றுக்கு வட்டம் ஐந்து ரூபாய்க் குற்றியளவு! எங்கள் கூடத்தில் ஒருவரும் இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்று வருடமாக நான் செய்ததில் சொல்லிக்கொள்ளக்கூடியது இதுதான்.

செருப்பைக் கழற்றியது மிக நல்ல வேலை. அப்படியே செய்யுங்கள். இனி அந்த மூலையில் மட்டும் கிழமைக்கு ஒருதரம் எடுத்தால் போதும். மழை பெய்த மறுநாள், ஒரு சாண் ஆழத்தில். இதற்கு நம்பர் மட்டும்தான் இருக்கிறது. பெயர் வைக்கும் உரிமை உங்களுக்கு.

மதுசா

*

மாம்புரி
22.10.2023

என்ர தங்கச்சிக்கு,

சுகம். பிரசாந்திக்குப் பல்லு விழுந்திட்டுது, அதுதான் வீட்டில பெரிய செய்தி.

பேர் வச்சாச்சு. செல்வி. ஏனெண்டு கேளாதை. என்னோட நாலாம் வகுப்பில படிச்ச செல்வி எண்டு ஒருத்தி, ஒரு சத்தமும் போடாமல் இருந்து எல்லாற்ற சாப்பாட்டையும் திண்டு முடிச்சிடுவாள்.

அத்தான் உச்சமுனைக்குப் போயிட்டார், வலைக்காலம் முடியத்தான் வருவார். என்ர போன் கிணத்துக்குள்ள விழுந்திட்டுது. தண்ணி அள்ளேக்க இடுப்பில இருந்து நழுவிப் பொத்தெண்டு போச்சுது. வாளி போட்டுத் தேடினம், தவளைதான் வந்தது. மிளகாய் வித்த பிறகு புதுசு பார்ப்பம். அதுவரைக்கும் கடிதந்தான். நல்லதுக்குத்தான், போனில நீ ஓம் ஓம் எண்டு வச்சிடுவாய், கடிதத்திலதான் கதைக்கிறாய்.

ஒரு சாண் ஆழம் கரண்டியால முடியேல்லை, கையாலதான் கிண்டினன். காலில சிப்பி கீறிப்போட்டுது, சின்னன். பிளேன்ரீக்குச் சீனி போடாமல் குடிச்சுப் பழகிறன். ஏன் எண்டு கேட்பாய், மெலியத்தான்.

கல்லறைத் திருநாளுக்கு வருவாய்தானே? அம்மா பார்த்துக்கொண்டிருப்பா.

அக்கா

*

கண்டி
06.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித்தந்த இடியப்பம் குருநாகலில் முடிந்துவிட்டது. நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெட்டியோடு ஒரு சோடி றபர் பூட்ஸ் அனுப்புகிறேன். இனித் தோட்டத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போங்கள். மழைக்காலம், பாம்பு வரும். கட்டாயம் போடுங்கள்.

நாலாம் மூலை மண் இன்னும் ஒரே ஒரு தரம் வேண்டும். முடிவை உறுதி செய்யக் கேட்கிறார்கள். அதன்பிறகு அந்த மூலையை விட்டுவிடலாம்.

வேறு விசேசம் இல்லை.

மதுசா

*

மாம்புரி
19.11.2023

என்ர தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம், நீ அப்பிடி ஒண்டுக்குப் பத்துத்தரம் கேட்காதை.

எடியே, எட்டாம் நம்பர் பூட்ஸ்! என்ர கால் ஆறெண்டு உனக்குத் தெரியாதோ? ஒவ்வொரு அடிக்கும் பொளக் பொளக் எண்டு சத்தம், கோழி எல்லாம் வேலிக்கு மேலால பறக்குது. வேலிக்கு அங்கால நிண்டு மர்ஷூதா சிரிக்கிறாள், "என்ன அனஸ்தா, ஆமியில சேர்ந்திட்டியா?" எண்டு. ஆனா நீ காசு குடுத்து வாங்கினது எண்டு முழுத் தோட்டமும் அதோடதான் நடந்தன். பாம்பை இதுவரைக்கும் காணேல்லை, அதுவும் சத்தத்துக்கு ஓடியிருக்கும்.

பயப்பிடாதை, உன்ர மூலைக்குள்ள பூட்ஸோட போகேல்லை. அதில முழுத் தோட்டத்து மண்ணும் ஒட்டியிருக்குது, செல்வியோட கலந்துபோகும். வரம்பில கழட்டி வச்சிட்டுத்தான் இறங்கினன். முழங்காலுக்குக் கீழ முழுக்கத் தண்ணி. ரெண்டு டியூப் எடுத்தன், ஒண்டு பழுதாப்போனா மற்றது இருக்கட்டும்.

இந்த ஆராய்ச்சி முடிய உன்னை டொக்டர் எண்டு கூப்பிடுவினமாம், மெய்யோ? ஊசி போடத் தெரியாத டொக்டர்.

அக்கா

*

கண்டி
26.11.2023

என் அக்காவுக்கு,

சுகமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை இருந்து வாசியுங்கள். நாலாம் மூலைக்குள் இனி ஒருவரும் இறங்கவேண்டாம். நீங்களும், பிரசாந்தியும், கோழிகூட. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து முடிவு வந்தது. செல்வி நோய்க்கிருமி. பொஸ்பேற்றைக் கரைப்பது உண்மை, வட்டமும் உண்மை. ஆனால் காலிலுள்ள கீறல் வழியாக மனிதருக்குள்ளும் போய்விடும். மெலியோய்டோசிஸ் என்று பெயர். முதலில் வெறும் காய்ச்சல்போல இருக்கும், பிறகு நெஞ்சுக்கு இறங்கும். வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் இதைப் பிடிக்காது, வேறு மருந்து வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பெயரைப் பின்பக்கத்தில் இங்கிலிசிலும் எழுதியிருக்கிறேன்.

பயப்படவேண்டாம். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் இது பெரும்பாலும் தாக்கும். உங்களுக்கு அது இல்லை என்பதே எனக்கு ஆறுதல்.

இன்னொன்று. இதை எழுதாமல் விடக்கூடாது. கல்லறைத் திருநாளுக்கு வரும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒக்டோபர் கடைசியில் தட்டைத் திறந்தபோது செல்வி வாடின பூப்போலச் சுருங்கிக் கிடந்தது. பொஸ்பேற் கரைக்கிற சாதாரண வகைகள் அப்படிச் சுருங்குவதில்லை. உறுதியாகும்வரை வெளியில் கதைக்கவேண்டாம் என்று ஆய்வுகூடத்தில் சொன்னார்கள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பாம்பு என்று எழுதியது பொய். உங்களுடைய பூட்ஸ் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து நான் சாப்பிடவில்லை.

அத்தானின் போன் உச்சமுனையில் எடுக்குதில்லை. வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பரீட்சை வேலை முடிந்ததும் வருகிறேன். வந்து ஏச்சு வாங்குகிறேன்.

மதுசா

*

கண்டி
05.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

போன கிழமையே பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டதாக முபாரிஸ் நானா சொன்னார். கடிதம் வாசித்திருப்பீர்கள். கோபமாக இருந்தால் கோபம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள். இதைத் தபாலில் போடுகிறேன்.

சுகமா அக்கா?

மதுசா

*

மாம்புரி
14.01.2024

மதுசாவுக்கு,

நானும் பிள்ளையும் இருக்கிறம். நீ சுகமோ?

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முந்தாநாள் முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சது. நீ வரேல்லை, பரவாயில்லை. செத்தவீட்டிலயும் நீ ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்குது. அழுதிடு பிள்ளை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து டொக்டரிட்ட என்னவோ சொன்ன பிறகுதான் மருந்தை மாத்தினவை. அதுக்குப் பிறகும் உன்ர அக்கா ஒரு கிழமை தாங்கினா. நான் டிசம்பர் அஞ்சாந்திகதிதான் உச்சமுனையால வந்து, அவவை ஆஸ்பத்திரியில சேர்த்திட்டு உனக்குப் போன் எடுத்தனான். அதுக்கு முதலே எட்டு நாள் காய்ச்சலோட பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறா. மழைக்காய்ச்சல் எண்டு மர்ஷூதாவுக்கும் சொல்லியிருக்கிறா. அவவுக்கு நாலு வருசமாச் சீனி வருத்தம். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ, படிக்கிற பிள்ளை யோசிக்கும் எண்டு. அதை உனக்கு ஒளிச்சதுக்கு நீ என்னை மன்னிக்கோணும்.

டொக்டர் மண்ணில இருந்து வந்த கிருமி எண்டார். நான் அந்த மூலையைக் கம்பி அடிச்சு மூடிப்போட்டன். ஊரில ரெண்டொரு ஆக்கள் கேட்டவை, தங்கச்சிக்காரி இதைத்தானே படிக்கிறாள், முதலே தெரியாதோ எண்டு. நான் சண்டைக்குப் போயிட்டன். தெரிஞ்சிருந்தா அவள் சொல்லியிருக்கமாட்டாளோ எண்டு கேட்டன்.

உன்ர பெட்டியை முபாரிஸ் நானாட்டக் குடுத்துவிடுறன். கடைசியா வந்தது, ஒட்டினபடியே கிடக்குது. வந்த அண்டைக்கு அவ எழும்பித் திறக்கப் பார்த்தவவாம். பிறகு, "காய்ச்சல்காரியின்ர கை பட்டா மதுசாவின்ர டியூப் பழுதாப்போகும், சுகமான பிறகு திறப்பம்" எண்டு பிரசாந்தியைக் கொண்டு அலுமாரிக்கு மேல வைப்பிச்சவவாம். ஒருத்தரையும் தொடவேண்டாம் எண்டவ. நாங்கள் தொடேல்லை. உன்ர படிப்புக்கு உதவும்.

நிக்கொலஸ்

*

கண்டி
21.01.2024

அத்தானுக்கு,

உங்களிடமும் பிரசாந்தியிடமும் சுகம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பெட்டி கிடைத்தது. திறந்தேன். பழக்கத்தில் நான் அடுக்கிவிட்ட பத்து வெற்று டியூப்களும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் நான் அக்காவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. அக்கா அதை வாசித்திருப்பார் என்றும், வாசித்ததனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார் என்றும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு எடுக்க முடியாமல்தான் திரும்பியிருக்கிறார்.

ஊர் ஆக்களுக்கு நீங்கள் சொன்ன பதில் பிழை. எனக்கு முதலே சந்தேகம் இருந்தது. நவம்பர் இரண்டாம் திகதி அந்த மூலையில் அக்காவோடு நின்றபோது சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே மண் எடுப்பது நின்றுவிடும், எனக்கு இருந்தது அந்த ஒரு வட்டம் மட்டும்தான். பெட்டிக்குள் இருந்த கடிதத்தில்கூட இந்தக் காரணத்தை நான் எழுதவில்லை. அதன்பிறகும் இன்னொரு தரம் மண் கேட்டேன். அந்த ஒரு தரத்துக்காகத்தான் அக்கா பூட்ஸைக் கழற்றினார்.

கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். அக்காவுக்கு எழுதியது, இனி நீங்கள்தான் வாசிக்கவேண்டும். பிரசாந்தி பெரியவளாகிக் கேட்டால் அவளுக்கும் காட்டுங்கள்.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்ப எடுத்துவிடுங்கள் அத்தான்.

மதுசா

*

அத்தான் பதில் எழுதவில்லை. மார்ச் மாதம் இரண்டாம் கிழமை முபாரிஸ் நானா ஓர் உரப்பையைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். உள்ளே எட்டாம் நம்பர் பூட்ஸ் சோடி இருந்தது. கழுவி வெயிலில் காயவைத்திருந்தார்கள்.